கடலுக்குப் பக்கத்தில் ஒரு கடல்தண்ணீர்த் தொட்டி

திருகோணமலையில் இருந்துகொண்டு வீட்டில் கடல்மீன் வளர்க்கிறேன் என்று சொன்னால் எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான். "கீழை இறங்கினால் கடல். வாளியோடை போய் அள்ளிக்கொண்டு வாறதை விட்டிட்டு உப்புப் பக்கெட்டுக்குக் காசு குடுக்கிறியோ?" இருபது வருடங்களுக்கு முன்னர் நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். என் முதல் தொட்டி செத்ததற்குக் காரணமே அந்த நினைப்புத்தான். இரண்டாவது தொட்டியை மகளோடு சேர்ந்து தொடங்கி ஒரு வருடம் தாண்டிவிட்டது. பிள்ளையோடு இதில் இறங்க யோசிக்கும் கரையோர ஊர்க்காரர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன்.

முதல் தொட்டியின் கதையைச் சொல்லாமல் இரண்டாவதைச் சொல்ல முடியாது. 2002இல் போர்நிறுத்தம் வந்தபோது எனக்கு 22 வயது. கடலில் இறங்க இருந்த கெடுபிடிகள் தளர்ந்த காலம். நண்பர்களோடு நிலாவெளிக்குப் போவோம், கண்ணாடி போட்டு மூழ்குவோம். கண்ணில் பட்டதையெல்லாம் வீட்டுக்குக் கொண்டுவர ஆசை. இரண்டடித் தொட்டி ஒன்றில் கடல்தண்ணீரை நிரப்பி, உடைத்தெடுத்த முருகைக்கல் (பவளப்பாறை) துண்டு, கையால் பெயர்த்த ஒரு கடற்சாமந்தி (பூப்போல விரிந்து பாறையில் ஒட்டி வாழும் விலங்கு), அதற்குள் ஒளிந்திருந்த இரண்டு கோமாளி மீன்கள் என்று சேர்த்தேன். முருகைக்கல்லைத் தொடச் சட்டம் விடுமா என்று நான் யாரையும் கேட்கவுமில்லை.

மேலே ஒரு சாதாரண டியூப் லைட் மட்டும்தான். கடற்சாமந்தியின் உடம்புக்குள் நுண்பாசி குடியிருக்கிறது. வெயிலை வாங்கி அதற்குப் பெரும்பங்கு சாப்பாட்டைத் தயாரித்துக் கொடுப்பது அந்தப் பாசிதான். டியூப் லைட்டில் அது நடக்காது. நாளுக்கு நாள் வெளுத்துச் சுருங்கியதைப் பார்த்து, புது இடத்துக்குப் பழகுகிறது என்று நினைத்தேன். 2004 சித்திரை வெயிலில் ஒருநாள் வேலையால் வந்து பார்த்தபோது தொட்டித் தண்ணீர் அரிசி கழுவிய தண்ணீர்போலக் கலங்கிக் கிடந்தது. கடற்சாமந்தி செத்துக் கரைந்துவிட்டது. விடியும்போது ஒரு மீன்கூட மிஞ்சவில்லை. கடலில் விட்டிருந்தால் பல பத்தாண்டுகள் இருந்திருக்கக்கூடிய உயிர் அது. இப்போதும் நினைத்தால் நெஞ்சு கனக்கிறது.

வெறுந்தொட்டியைக் கழுவிக் கோடிப்பக்கம் கவிழ்த்து வைத்தேன். அதே வருடம் டிசம்பர் 26 அன்று கடல் அதையும் கொண்டுபோனது. திருக்கடலூர் வீட்டுக்குள் தண்ணீர் வந்த அந்தக் காலையைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை. அதன் பிறகு உவர்மலையில் மேட்டில் வீடு பார்த்துக்கொண்டோம். அம்மா பல வருடங்கள் கடற்கரைப் பக்கமே போகவில்லை.

2023 ஆவணியில், கடல் கண்ணாடிபோல இருந்த ஒரு நாள், மகளைப் புறாமலைக்குக் கூட்டிப் போனேன். அவளுக்கு அப்போது எட்டு வயது. நிலாவெளியிலிருந்து வள்ளத்தில் ஒரு கிலோமீற்றர் தூரம். 2003இலிருந்து அது தேசியப் பூங்கா. அங்கிருந்து ஒரு சிப்பியைக்கூட எடுத்துவரக் கூடாது. இடுப்பளவு தண்ணீரில் முகத்தைப் புதைத்தவள் கொஞ்ச நேரத்தில் என் கையைப் பிடித்து நெரித்தாள். கடற்சாமந்திக்குள் ஒரு கோமாளி மீன், வெளியே வருவதும் உள்ளே போவதுமாக.

"அப்பா, ஒண்டே ஒண்டு கொண்டுபோவமா?"

திரும்பி வரும் வள்ளத்தில் 2004 கதையைச் சொன்னேன், எதையும் மறைக்காமல். அவள் நெடுநேரம் ஒன்றும் கதைக்கவில்லை. பிறகு கேட்டாள்: "அப்ப எடுக்காமல் வளர்க்கேலாதா?"

அந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் எல்லாம் தொடங்கியது. வளர்க்கலாம். கோமாளி மீன் தொட்டியிலேயே முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கும் இனம். பண்ணையில் பிறந்த குஞ்சுகள் விற்பனைக்கு வருகின்றன. முருகைக்கல்லுக்குப் பதிலாகச் செயற்கைக் கல் இருக்கிறது. ஆக, கடலிலிருந்து உயிருள்ள எதையும் எடுப்பதில்லை என்று இருவரும் பேசி முடிவெடுத்தோம். தண்ணீர் மட்டும் எடுக்கலாம் என்றாள். அதையும் யோசித்துத்தான் எடுக்கவேண்டும் என்றேன்.

அம்மாவிடம் சம்மதம் கேட்கத்தான் பயமாக இருந்தது. கேட்டதும் அவர் சொன்னது ஒரே வரி: "கடல் ஒருக்கா வீட்டுக்குள்ளை வந்தது போதாதே?" நான் தொட்டிக் கதையையே விட்டுவிட்டேன். பேத்தி விடவில்லை. மாதக்கணக்கில் அப்பம்மாவுக்குப் பக்கத்தில் படுத்துக்கொண்டு என்ன கதைத்தாளோ, 2024 வைகாசியில் அம்மாவே, "சரி, முன் விறாந்தையிலை வேண்டாம், உள்ளுக்கு வை" என்றார்.

மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். கணக்குப்படி சுமார் 190 லீற்றர். சின்னத் தொட்டி பிள்ளைக்குச் சுகம் என்று பலரும் நினைக்கிறார்கள், அது பிழை. தண்ணீர் குறையக் குறைய, ஒரு சின்னத் தவறும் வேகமாகக் கொல்லும். 190 லீற்றரில் தவறைக் கண்டுபிடித்துத் திருத்த ஒரு நாளாவது கிடைக்கும். ஆனால் தண்ணீர் மட்டுமே 190 கிலோ. கண்ணாடி, கல், மணல் எல்லாம் சேர்ந்தால் அதற்கு மேலும் கனக்கும். நல்ல இரும்பு ஸ்டாண்ட், சமமான தரை, யன்னல் வெயில் படாத சுவர் மூன்றும் அவசியம்.

கரண்ட் விஷயத்தில் மட்டும் நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை. உப்புத் தண்ணீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். பிளக் எல்லாம் தொட்டி மட்டத்துக்கு மேலே, சுவரில். ஒவ்வொரு வயரும் பிளக்குக்குக் கீழே ஒருமுறை தொங்கி வளைந்து மேலேறவேண்டும். வயர் வழியே ஓடிவரும் தண்ணீர் அந்த வளைவில் சொட்டிவிடும், பிளக்குக்குள் போகாது. வீட்டு ட்ரிப் சுவிட்ச் வேலை செய்கிறதா என்று மாதம் ஒருதடவை அதன் பொத்தானை அமத்திப் பார்க்கிறேன். சுவிட்ச் எல்லாவற்றையும் நிறுத்தாமல் மகள் தண்ணீரில் கைவைக்கக் கூடாது. தொட்டிக்குள் எதை வைப்பதென்பதிலும் பிள்ளையை நினைக்கவேண்டும். பொத்தான்போல வடிவாக விரியும் சில பவள வகைகளில் கடும் நஞ்சு உண்டு, காயம்பட்ட கையால் தொட்டாலே ஆபத்து. அவை எங்கள் வீட்டுக்கு வராது.

இனித் தண்ணீர். என் ஒன்றுவிட்ட அண்ணன் திருக்கடலூரில் மீன்பிடித் தொழில் செய்கிறார். அவர் விடியற்காலையில் வெளிக்கடலிலிருந்து இருபது லீற்றர் கான்களில் மொண்டு வருகிறார். கரையில் அள்ளும் தண்ணீரில் கழிவும் எண்ணெயும் கலந்திருக்கும். உள்துறைமுகப் பக்கத்தை நினைக்கவே வேண்டாம். கான் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை: வள்ளத்து எஞ்சினுக்கு மண்ணெண்ணெய் கொண்டுபோன கானில் ஒருபோதும் தண்ணீர் எடுக்காதீர்கள். எத்தனை தரம் கழுவினாலும் போகாது. நாங்கள் புதுக் கான் ஆறு வாங்கினோம். மகள் ஒவ்வொன்றிலும் நெயில் பொலிஷால் ஒரு மீன் கீறிவைத்தாள். அண்ணனின் ஆட்கள் இப்போது அதை "மீன் கான்" என்று தனியாக வைக்கிறார்கள். வந்த தண்ணீரைத் துணியால் வடித்து, மூடி, இருட்டில் இரண்டு கிழமை வைப்போம். அதில் மிதக்கும் நுண்ணுயிர்களில் பெரும்பகுதி செத்து அடியில் படியும். மேல் தண்ணீரை எடுத்து, ஒரு நாள் காற்று ஓட்டி, பிறகு தொட்டிக்கு.

வாடைக் காலத்தில் இது சரிவராது. ஐப்பசியில் மழை பிடித்தால் மகாவலி கொட்டியாரக் குடாவுக்குள் வெள்ளத்தைக் கொட்டும். மற்ற ஆறுகளும் அப்படித்தான். எங்கள் தொட்டிக்கு வேண்டிய உப்பு அடர்த்தி, நன்னீரை 1 என்று வைத்தால், 1.025. ஒரு கார்த்திகையில் கரைத்தண்ணீரை எடுத்து அளந்தோம், 1.018 காட்டியது. அந்த மாதங்களில்தான் உப்புப் பக்கெட், கடல்தொட்டிக்கென்றே விற்கும் கலவை உப்பு. ஆர்.ஓ. தண்ணீரில் (கருவியில் வடிகட்டி உப்பு நீக்கிய நன்னீர்), லீற்றருக்குச் சுமார் 35 கிராம் அளவில் தொடங்கி, கரைத்து, அளந்து சரிசெய்கிறோம். கிணற்றுத் தண்ணீர் வேண்டாம். அதிலுள்ள நைத்திரேற்றும் சுண்ணாம்பும் தொட்டிக்குள் சேர்ந்துகொண்டே போகும்.

"நிலாவெளி உப்பளத்து உப்பைக் கரைச்சால் என்ன?" என்று கேட்டவர்களும் உண்டு. மகளும் கேட்டாள். உப்பளத்தில் கடல்தண்ணீர் காயும்போது முதலில் சுண்ணாம்பும் ஜிப்சமும் அடியில் படிகின்றன. பிறகுதான் நாம் சாப்பிடும் உப்பு விளைகிறது. கடைசியில் மிஞ்சும் கசப்புத் தண்ணீரில் மக்னீசியம் இருக்கிறது, அதை வடித்து விட்டுவிடுவார்கள். அதனால் உப்பை மறுபடி கரைத்தால் கடல் திரும்பக் கிடைக்காது, அதன் ஒரு பகுதிதான் கிடைக்கும். நத்தைக்கு ஓடு கட்டவும் இறாலுக்குத் தோல் கட்டவும் வேண்டியது அதில் இல்லை. இதைச் சொன்ன அன்று அவள் இரண்டு சீனக்கோப்பைத் தட்டை முற்றத்தில் வைத்தாள், ஒன்றில் கடல்தண்ணீர், மற்றதில் ஆர்.ஓ. தண்ணீர். பின்னேரம் ஒன்றில் வெள்ளைப் படலம், மற்றதில் ஒன்றுமில்லை. தொட்டியில் தண்ணீர் வற்றும்போது உப்பு வற்றாது, ஆகவே குறைந்ததை நன்னீரால்தான் நிரப்பவேண்டும் என்பதை அதன் பிறகு நான் ஒருமுறைகூட அவளுக்கு நினைவூட்டவில்லை. எங்கள் வெயிலுக்குத் தொட்டி 31 பாகை வரை ஏறும். தண்ணீர் மேல் படும்படி ஒரு சின்னக் காற்றாடி வைத்ததில் 28க்கு இறங்கியது. அதற்கு விலை, நாளுக்கு இரண்டு மூன்று லீற்றர் ஆவியாவது. பள்ளிக்கூடம் போகுமுன் கோடு வரை நிரப்புவது அவள் வேலை.

தண்ணீர் விட்டவுடன் மீன் விடக் கூடாது. தோசைமா அரைத்தவுடன் சுடமுடியாது, புளிக்க விடவேண்டும் என்று சொன்னதும் மனைவிக்கு உடனே விளங்கிவிட்டது. மீன் கழிவிலிருந்து வரும் அமோனியா கடல்தண்ணீரில் கடும் நஞ்சு. காரத்தன்மை கூடிய தண்ணீர் என்பதால் அதன் வீரியம் இன்னும் அதிகம். அதை நைத்திரைற்றாகவும், பிறகு ஆபத்துக் குறைந்த நைத்திரேற்றாகவும் மாற்றும் பற்றீரியாக்கள் கல்லிலும் மணலிலும் பெருக வாரக்கணக்காகும். அந்தப் பற்றீரியாக்களுக்கு அமோனியா கிடைக்கட்டும் என்று, சந்தையில் வாங்கிய ஒரு பச்சை இறாலைத் தொட்டிக்குள் போட்டு அழுகவிட்டோம். அவள் கொப்பி ஒன்று எடுத்தாள். ஒருநாள் விட்டு ஒருநாள், சோதனைக் குழாயில் ஐந்து மில்லிலீற்றர் தண்ணீர், சொட்டு மருந்து, குலுக்கிவிட்டு ஐந்து நிமிடம். பிறகு யன்னலடியில் வெள்ளைக் கடதாசிக்கு முன்னால் பிடித்து, நிற அட்டையோடு ஒப்பிடுவாள். முதல் நாள் எலுமிச்சை மஞ்சள். எட்டாம் நாள் வாழையிலைப் பச்சை, அமோனியா ஏறிவிட்டது. அவள் அந்த நிறங்களைக் கலர்ப் பென்சிலால் கொப்பியில் தீட்டிவைத்தாள். மூன்றாம் கிழமை நைத்திரைற்றுக் குழாய் கத்தரிப்பூ நிறத்துக்குப் போனது, கல்லெல்லாம் மண்ணிறப் பாசி மூடியது. "தொட்டிக்கு வருத்தம் வந்திட்டுது" என்று அழப்பார்த்தாள். புதுத் தொட்டிக்கு வழக்கமாக வருவதுதான், தானாகப் போகும். 37ஆம் நாள் அமோனியாவும் நைத்திரைற்றும் இரண்டும் பூச்சியம். பள்ளிக்கூட விடுமுறைபோலக் கொண்டாடினாள், வெறும் தண்ணீருக்கு முன்னால்.

அப்புறம்தான் பண்ணையில் பிறந்த இரண்டு கோமாளி மீன் குஞ்சுகள், விரல்நகம் அளவு. எல்லாம் ஆணாகத்தான் வளரும். இரண்டில் பெரியது பிறகு பெண்ணாக மாறும். அதை அவள் வகுப்பு முழுக்கச் சொல்லிவிட்டாள்.

பிள்ளையோடு வளர்ப்பதில் பெரிய சிக்கல் சாப்பாடு. மீன் எப்போதும் பசித்ததுபோல வந்து நிற்கும், பிள்ளை மனம் பொறுக்காது. இரண்டாம் கிழமையே தண்ணீர் கெடத் தொடங்கியது. வழி கண்டுபிடித்தது அம்மா. தன் பிறஷர் மாத்திரை போட்டுவைக்கும் ஏழு அறைப் பெட்டியைப்போல இன்னொன்று வாங்கி வரச் சொன்னார். ஞாயிறு பின்னேரம் நான் ஒவ்வொரு அறையிலும் ஒருநாள் தீனியை அளந்து போட்டுவிடுவேன். அப்பம்மா மாத்திரை போடும்போது பேத்தி மீனுக்குப் போடுவாள். அறை காலியென்றால் அன்றைக்கு முடிந்தது.

அடுத்த பிழை என்னுடையது. புரட்டாசியில் ஒரு கடையில் நீல மீன் ஒன்றைக் கண்டு மகள் ஆசைப்பட்டாள், நானும் வாங்கினேன். தனித் தொட்டியில் நாலு கிழமையாவது வைத்துப் பார்த்திருக்கவேண்டும். அவள் முகத்தைப் பார்த்து நேரே விட்டுவிட்டேன். அது ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை. நாலாம் நாள் உடம்பெல்லாம் உப்புத் தூவியதுபோல வெள்ளைப் புள்ளி, செத்துவிட்டது. கோமாளிகள் இரண்டிலும் புள்ளி வந்தது. அந்த ஒட்டுண்ணிக்குச் செம்பு மருந்து வேலை செய்யும், ஆனால் செம்பு இறாலையும் நத்தையையும் கொல்லும், கல்லில் ஊறினால் போகவும் போகாது. ஆகவே மீன்களைப் பிளாஸ்டிக் பெட்டிக்கு மாற்றி, அங்கே அளவு பார்த்து மருந்து கொடுத்தேன். பெரிய தொட்டியை மீன் இல்லாமல் 76 நாள் விட்டோம். ஒட்டுண்ணி பற்றிக்கொள்ள மீன் கிடைக்காமல் அழிய அவ்வளவு காலம் வேண்டும். அந்த நாட்களெல்லாம் ஒரு இறாலுக்கும் நாலு நத்தைக்கும் மட்டும் தீனி போட்டாள், கொப்பியில் நாளை எண்ணிக்கொண்டு. நீல மீன் செத்த பக்கத்தில் அவள் எழுதியிருந்தது: "இது எங்கை பிடிச்சது?" விசாரித்தபோது கடலில் பிடித்ததென்று தெரிந்தது. எங்கள் பேச்சை முதலில் மீறியவன் நான்தான். அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். கடையில் மீன் கேட்கும்போது "பண்ணையோ, கடலோ?" என்று இப்போது முதலில் கேட்பவள் அவள்.

2025 பெப்ரவரி 9, ஞாயிறு. பாணந்துறை துணைமின்நிலையத்தில் ஒரு குரங்கு மாட்டி, நாடு முழுக்கக் கரண்ட் போன நாள். பம்ப் நின்றால் தண்ணீர் சுழலாது. சூடான உப்புத் தண்ணீரில் ஒட்சிசன் ஏற்கனவே குறைவு. பெரிய பற்றரி இரண்டில் ஓடும் காற்று மோட்டர் ஒன்றை, தூண்டில்காரர்கள் இரை இறாலை உயிரோடு வைக்கப் பாவிப்பது, முன்னரே வாங்கி வைத்திருந்தேன். அது ஓடியது. மீன் குறைவாக இருந்ததும் உதவியது. கடல்தொட்டி வைக்கிறவர்கள் விளக்கு வாங்குமுன் இதை வாங்குங்கள்.

பங்குனியில் கடல் அடங்கியதும், முதல் கானுக்கு மகளும் வள்ளத்தில் வரவேண்டும் என்றாள். அம்மா மறுக்கவில்லை, மிதப்பு அங்கியின் வாரைத் தானே இழுத்துக் கட்டிவிட்டார். வாசலில் நின்றார். கோணேசர் மலையைத் தாண்டி அண்ணன் எஞ்சினை அமத்தினார். "இது காணும் பிள்ளை, அள்ளு." அவள் அள்ளவில்லை. உப்பு அளக்கும் கருவியின் கண்ணாடியில் ஒரு சொட்டு விட்டு, மூடியை அமத்தி, சூரியன் பக்கம் திரும்பி ஒற்றைக் கண்ணால் பார்த்தாள். வள்ளம் ஆடியதால் இன்னொருதரம் பார்த்தாள்.

"பெரியப்பா, 1.022தான் இருக்கு. மழைத்தண்ணி இன்னும் போகேல்லை. கொஞ்சம் வெளியாலை போவம்."

அண்ணன் என்னைப் பார்த்தார். பிறகு எஞ்சின் கயிற்றை இழுத்தார்.